கனிசியஸ் கண்ட புகை

கேம் விளையாடித்தான் கனிசியஸின் கண் போனது என்று குருநகர் முழுக்கச் சொல்லித் திரிகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அவன் விளையாடவே இல்லை. முப்பத்திரண்டு வயதுவரைக்கும் அவன் ஒரு கேமைத் தொடங்கி முடித்ததை ஒருவர்கூடக் கண்டதில்லை. கார் ஓட்டுகிற கேமில் காரை ஓட்டமாட்டான். தெருவோரமாக நிற்பாட்டிவிட்டு அதன் கண்ணாடியில் விழுகிற வெயிலைப் பார்ப்பான். சுடுகிற கேமில் அவனுடைய ஆள் துவக்கைத் தாழப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் சும்மா நிற்பான். எதிரி வந்து சுட்டுப்போட்டுப் போவான். அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, அவன் பார்த்துக்கொண்டு நின்றது தண்ணீரை. இதை விளையாட்டு என்றால், நகைக்கடைக்காரர் சங்கிலியை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதையும் நகை போட்டு அழகு பார்க்கிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீக்கிலாப்பிள்ளையின் கதை வேறு. பகல் முழுக்கப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான், கண் அவிந்தது, பிறகு ஊராருடைய நல்ல மெசின்களைப் பழுது என்று பொய் சொல்லி மாட்டுப்பட்டான், வெட்கத்தில் ஓடிப்போனான் என்பார். தாய் யசிந்தா செல்லம் கொடுத்துக் கெடுத்தாள் என்பது அதற்குமேல் ஒரு கரண்டி. நீக்கிலாப்பிள்ளை கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கண் டொக்டரும் இல்லை. கொழும்பில் கண்ணைப் பார்த்த பெரிய டொக்டர் சொன்னதை யசிந்தா தன் காதால் கேட்டாள். ஏழு வயதிலிருந்து போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணின் உட்பக்கத்துச் சவ்வு மெலிந்துபோய் இருக்குமாம். அது தன்பாட்டில் கிழியுமாம். தோட்டம் கொத்துகிறவனுக்கும் கிழியும், சுவாமிமாருக்கும் கிழியும், அதற்கும் கொம்பியூட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிழிந்தது யாருடைய குற்றமும் இல்லை. பிந்திப் போனதுதான் பிழை. ஏன் பிந்தியது என்பது நீக்கிலாப்பிள்ளைக்குத் தெரியாது. அது யசிந்தாவுக்குத் தெரியும்.

யசிந்தாவின் புருசன் சிமியோன் கடலேரியில் இறால் வலை போட்டவர். அவர் காய்ச்சலில் போய் எட்டு வருசமாகிறது. மூத்தவள் ஜெனிற்றா நீர்கொழும்பில் கலியாணம் கட்டி அங்கேயே இருக்கிறாள். இளையவன் கனிசியஸ். தகப்பனோடு இரண்டு தரம் வள்ளத்தில் போய்ப் பார்த்தான். உப்புத் தண்ணீர் கண்ணாடியில் அடித்து ஒன்றும் தெரியாமல் முன்பக்கத்து அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனை, நீ தரையிலேயே பிழைத்துக்கொள் என்று சிமியோனே இறக்கிவிட்டார். ரவுணில் கொம்பியூட்டர் படித்தான். பிறகு வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு காற்றாடி. போர்ட் எழுதித் தொங்கவிடவில்லை. அதற்கு அவசியம் வரவுமில்லை. மானிப்பாயிலிருந்து மோட்டார்சைக்கிள் பெற்றோல் ராங்கியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொடிகாமத்திலிருந்து ஒருவன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற மாதிரி.

வந்ததெல்லாம் இளைஞர்களுடைய பழைய மெசின்கள். கொழும்பில் யாரோ பாவித்துத் தேய்த்துவிட்டு மலிவாகக் கழித்துவிட்டவை. அதற்குள்ளே படம் வரைவதற்கென்றே ஒரு கார்ட் இருக்கும். அதன் சக்திக்கு மேலே ஒரு புதுக் கேமைப் போட்டால் அது திணறும். புல் நடுங்கும். நிழல் படிக்கட்டு மாதிரி உடைந்து விழும். மனிதர்களின் முகம் சுடாத களிமண்ணாக வரும். சட்டென்று திரும்பினால் படம் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும். மற்றக் கடைக்காரர்கள் கார்டை மாற்று என்பார்கள். கனிசியஸ் அப்படிச் சொல்வதில்லை. ஆளை இருத்தி, எப்போது வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று கேட்பான். பிறகு கேமுக்குள்ளே தண்ணீரோ புல்லோ இருக்கிற ஓர் இடமாகப் பார்த்துப் போய் நின்று, மெல்ல மெல்லச் சுற்றிப் பார்ப்பான். யசிந்தா வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை படிந்து கிடக்கும்.

அவனுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். நிழலை ஒரு படி குறைப்பான், கேமை மூடித் திறப்பான், அதே இடத்தில் போய் நின்று பார்ப்பான். சரிவராவிட்டால் நிழலைத் திரும்பப் பழைய அளவில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பான். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் கேம் ஓடும்தான், ஆனால் எது நோய் என்று தெரியாமல் போய்விடும், படமும் சேறாகிவிடும் என்பான். யசிந்தாவுக்குக் கேமும் தெரியாது, செற்றிங்கும் தெரியாது. ஆனால் இந்த முறை அவளுக்கு விளங்கியது. சின்ன வயதில் இதே கனிசியஸுக்கு உடம்பெல்லாம் தடித்துக் கடித்தபோது அவள் ஒரு கிழமை நண்டை நிறுத்திப் பார்த்தாள், மறுகிழமை நண்டைக் கொடுத்து இறாலை நிறுத்திப் பார்த்தாள், அப்படித்தான் ஒத்துக்கொள்ளாதது கணவாய் என்று பிடித்தாள். மகன் செய்வதும் அந்த வேலைதான் என்று அவளுக்குப் பட்டது. அதனால் நீக்கிலாப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லும்போது அவளுக்குச் சுள்ளென்று வரும்.

அவனுடைய கண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் தன் கைவிரலே தெரியாதவன், கண்ணாடி போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தால் மற்றவர்கள் காணாததைக் காண்பான். அரியாலையில் அருட்செல்வன் என்பவர் ஆறு மெசின் வைத்து மணிக்கணக்குக்குக் கேம் விடுகிறவர். அவருடைய ஒரு மெசினில் இருட்டான இடத்தில் பச்சைப் புள்ளி இரண்டு மூன்று மினுங்குகிறது, இந்தக் கார்ட் ஒரு மாதம் தாங்காது என்று கனிசியஸ் சொன்னான். அருட்செல்வன் குனிந்து நிமிர்ந்து பார்த்தார், ஒரு புள்ளியும் இல்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பெடியள் சிரித்தார்கள். இருபதாம் நாள் திரை பச்சையாகிக் கார்ட் செத்தது. அதற்குப் பிறகு அருட்செல்வன் எங்கே போனாலும் அவனுடைய கண்ணைப் பற்றித்தான் கதை. யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று கனிசியஸ் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அவனுக்குள்ளே அது குடியிருந்தது. இல்லாமல் எப்படிப் போகும்? அதை வைத்துத்தானே சோறு.

அந்த வருசம் நத்தார் முடிந்து தை மாதத்தில், மானிப்பாய் தனோஜனின் மெசின் வந்தது. தனோஜன் இருபத்துநாலு வயதுப் பிள்ளை, வங்கியில் வேலை, மரியாதையான பிள்ளை. அவனுடைய கேமில் பெரிய வெளி, மலை, மேலே அகன்ற வானம். புல் நடுங்குகிறது என்று கொண்டுவந்தான். புல் நடுக்கத்தைக் கனிசியஸ் ஒரே நாளில் நிற்பாட்டினான். ஆனால் மெசினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வானத்தில் இடப்பக்கம், மேல் மூலையில், புகை மாதிரி ஒன்று நிற்கிறது என்றான்.

தனோஜன் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. அருட்செல்வனுக்கும் அன்றைக்குத் தெரியவில்லைத்தானே, அதனால் கனிசியஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் புகை ஓர் இடத்தில் நிற்காது, பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடத் திரும்பும். வேறு யாருமென்றால் அதிலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் அவனுக்குத் தொழில் தெரியும். நிழலைத் திரையில் தெரிகிறதை மட்டும் வைத்துக் கணக்குப்போட்டு வரைகிற ஒரு செற்றிங் உண்டு. அது பிழைத்தால் ஓரங்களில்தான் பிழைக்கும், பார்வை திரும்பினால் பிழையும் கூடவே திரும்பும். இது அதுதான் என்று நினைத்தான். அந்த செற்றிங்கை நிற்பாட்டினான். புகை போகவில்லை. சொன்னேனே, அவன் ஒன்று ஒன்றாகத்தான் மாற்றுகிறவன். நிழல், பிறகு வெளிச்சம், பிறகு முகில், பிறகு தூரத்து மலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், இரண்டு நாள். இடைக்கிடை வானத்தில் சின்னக் கரும்புள்ளிகள் ஓடின. கார்ட் சூடேறினால் அப்படி வரும், அதனால் காற்றாடியைக் கழற்றிப் பல் விளக்குகிற பிரசால் உப்பு மண்ணைத் தட்டினான். இடக் கரையில் மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டியது. கேபிளை மாற்றினான்.

அதற்குள் வேறு இரண்டு மெசின்கள் வந்தன. அவற்றிலும் புகை. தன்னுடைய சொந்த மெசினிலும் புகை. அப்போதாவது அவன் யோசித்திருக்கவேண்டாமா என்று இப்போது கேட்பது சுகம். அவன் யோசித்தான். யோசித்து ஒரு காரணமும் கண்டுபிடித்தான். கார்டை ஓடவைக்கிற டிரைவர் என்கிற புரோகிராம் கார்த்திகையில் புதிதாக வந்திருந்தது, எல்லா மெசினிலும் அவன்தான் அந்தப் புதியதைப் போட்டவன். அப்படியென்றால் பிழை புதிய டிரைவரில். எல்லாவற்றிலும் பழையதைத் தேடிப் போட்டான். ஒவ்வொரு மாதத்துப் பழையதாகப் போட்டுப் பார்த்தான். அதில் மூன்று கிழமை போனது.

இந்த நாட்களில் யசிந்தா சிலதைக் கண்டாள். தட்டில் இடப்பக்கத்தில் வைத்த பொரியலைத் தொடாமல் எழும்பினான். மேசையில் இடக்கைப் பக்கம் வைத்த தேத்தண்ணீரை இரண்டு தரம் தட்டி ஊற்றினான். யோசனை எங்கேயோ, கண் எங்கேயோ என்று ஏசினாள். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

விபூதிப் புதன் வந்தது. பின்னேரப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்தவளை நீக்கிலாப்பிள்ளை தன் கேற்றடியில் மறித்தார். மானிப்பாய்ப் பெடியன் வந்து கத்திவிட்டுப் போனானாம், கனிசியஸ் ஒரு பழுதும் இல்லாத மெசினை மாதக்கணக்காக வைத்திருக்கிறானாம், கேட்டால் உமக்குத் தெரியாது என்கிறானாம். உவனை ஒருக்கால் அங்கொடைக்குக் கொண்டுபோய்க் காட்டன் யசிந்தா என்று சிரித்தார். அங்கொடை என்றால் விசர் ஆஸ்பத்திரி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தபசு காலம் தொடங்குகிற நாள், ஒருசந்தி நோன்பு வயிறு, கோபத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். கனிசியஸ் முன்னறையிலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

தொழிலுக்கென்று அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். போனாள். திரையில் மலை, அதற்கு மேலே வானம்.

"உதிலை, இடப்பக்கம் மேலை, புகை மாதிரி ஏதும் தெரியுதோ?"

அவள் பார்த்தாள். தோய்த்து விரித்த சீலை மாதிரி நீல வானம், வலப்பக்கத்தில் இரண்டு வெண்முகில். வேறு ஒன்றும் இல்லை. திரும்பி மகனைப் பார்த்தாள். ஐந்து நாள் தாடி. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாகத் தெரிகிற இரண்டு கண்ணும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆறு கிழமையாக ஒருவரும் ஓம் என்று சொல்லாத பிள்ளை. ஊரே ஒருபக்கம் நிற்கும்போது பெற்றவளும் அந்தப் பக்கம் போய் நிற்பதா என்றுதான் அவளுக்கு ஓடியது.

"ஓம் மோனை, தெரியுது."

"எப்பிடித் தெரியுது?"

"மெல்லிசா. அடுப்புப் புகை மாதிரி."

கனிசியஸ் கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுடைய முகம் விரிந்தது. "அப்பாடா. கண்ணாடிதான் ஒத்துவரேல்லையோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் அம்மா. நாளைக்குக் கண்ணைச் சோதிக்கப் போவம் எண்டுகூட இருந்தன். உங்களுக்கும் தெரியுதெண்டால் பிறகென்ன, மெசின்தான்."

கண்ணாடி என்றுதான் அவன் சொன்னான். கண்ணாடி மாற்றுவது ஒரு நோயா? அதனால் யசிந்தா பேசாமல் இருந்தாள். அவனுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று குசினிக்குப் போய்ப் பிளேன்ரீ ஊற்றினாள். அன்றிரவு அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

தபசு காலத்தின் நாலாம் வெள்ளி, சிலுவைப்பாதைக்கு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். சனம் நிறைந்து புழுக்கமாக இருந்தது. ஏழாம் தலத்தில் முழங்காலில் நின்றபோது கனிசியஸின் வலக்கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டு வலக்கண்ணைப் பொத்தித் தேய்த்தான். அப்போது இடக்கண் மட்டும் திறந்திருந்தது. சுவரில் இருந்த அந்தத் தலத்துப் படத்தில் கீழே விழுந்து கிடக்கிற யேசுவின் கால் தெரிந்தது. மேலே நின்ற சேவகர்கள் இல்லை, சிலுவை இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை. அங்கேயெல்லாம் புகை.

பக்கத்தில் நின்ற யசிந்தா, மகன் வலக்கண்ணைப் பொத்துவதும் எடுப்பதும் பொத்துவதுமாக நிற்பதைக் கண்டாள். தலம் தலமாகச் சனம் எழும்பி மண்டியிட்டது. அவன் எழும்பவில்லை. செபம் முடிந்து சனம் கலைந்த பிறகும் அப்படியே நின்றான். வீட்டுக்கு வந்து சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் மெசினுக்கு முன்னால் இருந்தான். திரையைப் போட்டு வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தான். பிறகு திரையை நிற்பாட்டிவிட்டு, கறுத்துப்போய் நின்ற வெறும் திரையையும் அதே மாதிரிப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"மெசினிலை ஒண்டும் இல்லையம்மா," என்றான். தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இங்கே ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்த டொக்டர் அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினார். சவ்வு சுவரிலிருந்து உரிந்து தொங்குகிறது, நடுப் பார்வையும் போய்விட்டது என்றார்கள். கொழும்பு டொக்டர் நல்லாகத் தமிழ் கதைத்தார். இவ்வளவு நாளும் என்ன செய்தீர் என்று கனிசியஸைக் கேட்டார். மெசினில் பிழை என்று நினைத்தேன் என்று அவன் சொன்னான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. டொக்டர் யசிந்தாவின் பக்கம் திரும்பி, ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றித் தந்திருக்கலாம் அம்மா என்றார்.

யசிந்தாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நாட்களைத் திருநாளை வைத்துத்தான் எண்ணுவாள். ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து விரலை மடக்கினாள். ஒரு மாதம் பின்னுக்குப் போனால் விபூதிப் புதன் வந்தது. திரும்ப எண்ணினாள். திரும்பவும் அங்கேதான் வந்து நின்றது. அவளுடைய நெற்றியில் சாம்பல் இருந்த நாள்.

கண்ணைக் கீறி, உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை நிரப்பி, இரண்டு கிழமை முகங்குப்புறக் கிடக்கவேண்டும் என்று விட்டார்கள். நீர்கொழும்பில் ஜெனிற்றாவின் வீட்டில் கிடந்தான். சாப்பாடும் அப்படியே, செபமும் அப்படியே. கட்டிலின் நுனியில் முகம் தொங்க, அவனுக்குத் தெரிந்தது தரையில் ஒரு முழம் இடம். அந்த இடத்தில் யசிந்தா பாய் போட்டு இருந்தாள். அவளுடைய கால் விரலைப் பார்த்துக்கொண்டு அவன் ஊர்க்கதை கேட்பான், அவள் சொல்லுவாள். அந்தப் புதனைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவோம் என்று அவள் நாளாந்தம் இருந்தாள். கேட்காத பிள்ளையிடம் வலியச் சொல்லி, குப்புறக் கிடக்கிறவனுடைய கண்ணில் தண்ணீர் வரவைப்பதா என்று விட்டாள். அது நியாயமா, பயமா என்று அவளுக்கே தெரியாது.

ஆனியில் குருநகருக்குத் திரும்பினார்கள். இடக்கண்ணுக்கு யன்னல் எங்கே, சுவர் எங்கே என்பது மட்டும் மட்டுமட்டாகத் தெரிந்தது. வலக்கண்ணிலும் மெலிந்த இடங்கள் இருக்கின்றன என்று சொல்லி அதைச் சுற்றிச் சூடு வைத்த மாதிரி லேசர் அடித்திருந்தார்கள். மின்னல் தெரிந்தால், கரும்புள்ளி தெரிந்தால், அன்றைக்கே வரவேண்டும், அடுத்த நாள் என்று இருக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் அவனுடைய தொழிலை முடித்தது. ஒற்றைக்கண்ணால் வேலை செய்யமுடியாது என்று யாரும் நினைக்கவேண்டாம், அவன் செய்தான், ஒற்றைக்கண்ணாலும் அவன் மற்றவர்களைவிட நன்றாகவே கண்டான். ஆனால் அவனுடைய வேலை என்ன? மினுங்குவதையும் நடுங்குவதையும் தேடிப் பிடிப்பது. ஒரு புல் மினுங்கினால் முன்பென்றால் சந்தோசப்படுவான், நோய் பிடிபட்டது என்று. இப்போது நெஞ்சு இடித்தது. மினுங்கியது புல்லா, இருக்கிற ஒரே கண்ணா? எழும்பி வளவுக்குப் போவான். வெள்ளை அடித்த மதிலைப் பார்ப்பான், வானத்தைப் பார்ப்பான். திரும்பி வந்து இருப்பான். ஐந்து நிமிசத்தில் திரும்ப எழும்புவான். ஒரு மெசினுக்கு ஒரு நாளில் முப்பது தரம் அவன் வளவுக்குப் போய் வந்ததை யசிந்தா எண்ணினாள்.

பக்கத்தில் ஒருவர் இருந்து, ஓம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் போதும். வருகிறவர்களிடம் கேட்டான். அவர்களுக்குத் தெரிந்தால் அவர்கள் ஏன் இவனிடம் வருகிறார்கள்? மீன் கொண்டுவந்தவரைக்கூட ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினான். யசிந்தாவைக் கேட்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பாள். நான் பார்த்துச் சொல்லட்டோ என்று கேட்பாள். வேண்டாமம்மா என்பான், குரலில் ஒரு கடுமையும் இராது. தேத்தண்ணீர் கேட்பான், சுறுக்கென்று ஏதாவது வேலை சொல்லுவான். அவன் ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். தகப்பன் செத்த வீட்டில் சத்தத்துக்கு ஆளில்லை, பிள்ளை சத்தம் போட்டால் கேட்டுக்கொண்டு இருக்கலாம். இந்தச் சாந்தத்தை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் தனோஜன் வந்தான். அவன்தான் முதலில் கத்தினவன் என்று ஊர் சொல்லும், கத்தினவன்தான், ஆனால் கண் விசயம் கேள்விப்பட்டு, இடையில் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்த மெசினையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் அவன்தான். ஒரு பை கறுத்தக் கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்தான். புகையைத் துரத்திய கடைசி நாட்களில் கனிசியஸ் தன் முறையை விட்டுக் குறைத்துக்கொண்டே போன செற்றிங்கெல்லாம் இவ்வளவு நாளும் அப்படியே இருந்தன. சேறு மாதிரிப் படத்தோடுதான் பிள்ளை விளையாடியிருக்கிறான்.

"வேறை ஒருத்தரையும் தொட விடேல்லை அண்ணை," என்றான். "நீங்கள் குறைச்சதை நீங்கள்தான் கூட்டவேணும்."

கனிசியஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். நிழலைக் கூட்டினான், வெளிச்சத்தைக் கூட்டினான், முகிலைக் கொண்டுவந்தான். மலைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. யசிந்தா கதவோரமாக நின்று பார்த்தாள். அந்த வானத்தை அவள் மறக்கவில்லை. எல்லாம் முடிகிற நேரம் அவனுடைய கை நின்றது. வேலியோரத்துப் புல்லில் ஏதோ மினுங்குகிறது என்றான். தனோஜன் குனிந்து பார்த்தான். எனக்கொன்றும் தெரியவில்லை அண்ணை, ஆனால் நீங்கள் சொன்னால் இருக்கும் என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். கனிசியஸ் வளவுக்குப் போனான். இந்தத் தரம் கனநேரம் நின்றான். வந்து மெசினை ஆறுதலாக மூடினான்.

"தம்பி, இனி உதை வேறை ஆரிட்டையும் காட்டும். நான் சொல்லுறது இருக்கெண்டும் தெரியாது, இல்லையெண்டும் தெரியாது. அப்பிடி ஒருத்தன் உதுக்கு முன்னாலை இருக்கக் கூடாது."

தனோஜன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பிறகு மெசினைத் தூக்கிக்கொண்டு போனான். அன்று பின்னேரம் கனிசியஸ் தமக்கைக்கு ரெலிபோன் எடுத்தான். ஜெனிற்றாவின் புருசன் வேலை செய்கிற ஐஸ் கொம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்ததுதான். பாளம் பாளமாக ஐஸ் தூக்கி அடுக்குகிற வேலை. பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதைத் தாய் ஞாபகப்படுத்தினாள். தூக்குகிறவர்களுக்குச் சிட்டை கொடுக்கிற இடத்தில் இருத்துவார்கள் என்று அவன் சொன்னான். ஓடிப்போனான் என்கிறார்களே, ஓடுகிறவன் ஒன்பது நாள் இருந்து ஒவ்வொரு மெசினாக உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டா ஓடுவான்? முன்னறை மேசையைத் துடைத்து, வயர்களைச் சுருட்டிக் கட்டி, யன்னலைச் சாத்தினான்.

புறப்படுகிற நாள் சனிக்கிழமை, காலமை. யசிந்தா பிட்டும் மீன் பொரியலும் பொதி கட்டினாள். அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒற்றைக்கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல் நாடா இரண்டு தரம் கைதப்பியது. அவள் குனிந்து கட்டிவிட்டாள். குனிந்த இடத்திலிருந்து நிமிராமலே சொன்னாள்.

"அண்டைக்கு நான் ஒண்டும் காணேல்லை மோனை. வானம் துப்புரவாக் கிடந்தது."

"தெரியும் அம்மா."

"எப்ப தெரியும்?"

"கோயில்லை நிக்கேக்கையே தெரியும்."

அவள் நிலத்திலேயே இருந்துவிட்டாள். ஐந்து மாதம் நெஞ்சில் கிடந்ததை எடுத்து வெளியே வைத்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். அவன் குனிந்து அவளுடைய தோளைப் பிடித்து எழுப்பினான்.

"நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். ஆர் சொன்னதைத்தான் நான் கேட்டனான்? உங்களாலை ஒண்டும் நடக்கேல்லை."

யசிந்தா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். உயிருள்ள கண் அவளை நேராகப் பார்த்தது, மற்றது கொஞ்சம் விலகி நின்றது. நாளைக்குக் கண்ணைச் சோதிக்கப் போக இருந்தேன் என்று அந்தப் புதன்கிழமை தன் வாயாலேயே சொன்னவன் அவன். அதை அவளும் மறக்கவில்லை, அவனும் மறந்திருக்கமாட்டான். இப்போது போயிருக்கமாட்டேன் என்கிறான். ஓம் மோனை என்று தலையாட்டினாள். பிட்டுப் பொதியை அவனுடைய பைக்குள் வைத்து மேலே துவாயைப் போட்டு மூடினாள்.

நெற்றியில் சிலுவை வரையச் சொல்லி அவன் தலையைக் குனிந்தான். அவள் பெருவிரலால் வரைந்தாள். பையை எடுத்துக்கொண்டு திரும்பியவனுக்கு இடப்பக்கத்துக் கதவுநிலை தோளில் முட்டியது. நின்று தோளைத் தடவினான். பிறகு வாசலில் இறங்கி, ஒழுங்கையில் சைக்கிள் ஏதும் வருகிறதா என்று தலையை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தான்.